எட்டரைக்குப் பத்தரை: ஏற்காட்டில் நான்கு நாட்கள்

நவம்பர் 14, வெள்ளிக்கிழமை – மலைப்பாதை

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் 16 ஆண்டுகளாகக் காலண்டர் வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். மலைக்காட்சி வேண்டும் என்று கேட்டால் பார்க்காமலே போட்டுக் கொடுத்துவிடுவேன்: பின்னால் மூன்று அடுக்கு நீல மலை, நடுவில் ஓர் அருவி, முன்னால் இரண்டு மான்கள், வலது ஓரத்தில் பூத்த மரம், கீழே தேதிக் கட்டு ஒட்டுவதற்கு வசதியாக இருண்ட புல்வெளி. இப்படி ஒரு மலை தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்திலும் கிடையாது. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் போட்டதைப் பார்த்து நான் போட்டேன். அவர் தமக்கு முன்னிருந்தவரைப் பார்த்துப் போட்டிருப்பார்.

கடந்த ஆகஸ்டில் ஒரு டைரிக்காக வந்த வேலையில், கனடா நாட்டு ஓவியர் டாம் தாம்சன் 1916-17இல் வரைந்த 'ஜாக் பைன்' என்னும் ஓவியத்தை அச்சுக்கு நான்கு நிறத் தகடுகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஏரிக்கரையில் தனியாக நிற்கும் ஒரு பைன் மரம், அந்திவானம், எதிர்க்கரை மலை. படத்தில் இருப்பது அவ்வளவுதான். ஆனால் சிவப்புக்கான மெஜந்தாத் தகட்டை மட்டும் திரையில் தனியே திறந்தபோது, மரத்தின் தொங்கும் கிளைகளுடைய ஓரங்கள் சாம்பலை ஊதிவிட்ட கங்கு போலத் தெரிந்தன. அடியில் சிவப்பைப் பூசிவிட்டு, மேலே பச்சை வைக்கும்போது விளிம்புகளில் அதை மூடாமல் விட்டிருக்கிறார். ஒரு தகட்டைப் பார்த்து நாற்காலியை விட்டு நான் எழுந்தது அன்றைக்குத்தான்.

அதன்பின் அவருடைய தொடக்கக் கால ஓவியங்களைத் தேடிப் பார்த்து ஏமாந்தேன். தாம்சனும் எங்களைப் போன்ற அச்சுத்தொழில் ஆள்தான். 1877இல் ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்து, டொரான்டோ நகரில் கிரிப் என்ற நிறுவனத்தில் விளம்பரங்களுக்கு எழுத்தும் ஓரச்சித்திரமும் வரைந்துகொண்டிருந்தவர், 1912 மே மாதம், தம் 34ஆம் வயதில், அல்கான்குவின் பூங்கா எனப்படும் பெருங்காட்டுக்கு முதன்முறையாகப் போனார். 1917 ஜூலையில் அதே காட்டிலுள்ள கனூ ஏரியில் இறந்துபோனார். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் அவர் வரைந்தவை ஏறத்தாழ 400 சிறு பலகைகளும் 50 கித்தான்களும். அவற்றில் 1912ஆம் ஆண்டுப் பலகைகளைப் பார்த்தால், மங்கிய வானம் ஒரு பட்டை, கருத்த எதிர்க்கரை ஒரு பட்டை, ஈயநிறத் தண்ணீர் ஒரு பட்டை என்றுதான் இருக்கின்றன. பின்னாளில் அவரை ஆதரித்த கண் மருத்துவர் ஜேம்ஸ் மக்கல்லமே அவை இருண்டவை, கலங்கிய நிறத்தவை என்று எழுதியிருக்கிறார். விளம்பரத்தில் பளிச்சென்று எழுதிப் பழகிய கைக்கு, காட்டைக் கண்டதும் நிறம் ஏன் செத்துப்போனது என்ற கேள்வி மூன்று மாதமாக என்னை விடவில்லை. அவர் பெட்டியில் செருகிக்கொண்டு போன பலகையின் அளவான எட்டரை அங்குலத்துக்குப் பத்தரை அங்குலத்தில் பிளைவுட்டில் ஆறு துண்டுகள் அறுத்து, எமரித்தாள் தேய்த்து, வெள்ளைப் பிரைமர் அடித்து எடுத்துக்கொண்டு, நான்கு நாள் விடுப்பில் ஏற்காட்டுக்குக் கிளம்பினேன். கொடைக்கானலைவிட அறை வாடகை குறைவு என்பதும் ஒரு காரணம்.

சேலம் அடிவாரம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக்கூட ஏறியிருக்கமாட்டோம், மேலே மரம் விழுந்து கிடப்பதாகச் சொல்லி வண்டியை நிறுத்திவிட்டார்கள். ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றோம். யாரும் சத்தம் போடவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த பெண்மணி, மேலே தம் மகள் வீட்டுக்குக் கொண்டுபோன கூடையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்துப் புடவையில் துடைத்து என் கையில் வைத்துவிட்டு, "சாப்பிடுங்க சாமி, இனி எந்நேரம் ஆகுமோ" என்றார்.

மழை சற்று விட்டபோது இறங்கிக் கைப்பிடிச் சுவரருகே நின்றேன். கீழே சேலம் நகரம். அதன் வடக்கே மேக்னசைட் வெட்டிய வெள்ளைக்கல் கரடுகள், சுண்ணாம்பு கொட்டியதுபோல் திட்டுத்திட்டாக. எதிரே இருந்த மலையை வெகுநேரம் பார்த்தேன். அதில் நீலம் இல்லை. ஈரச் சாம்பலின் நிறத்தில் இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த மலை அதைவிட வெளுத்த ஈரச் சாம்பல். 16 ஆண்டுகளாக நான் தூரத்து மலைக்குப் போட்டுவந்த 70 சதவீதச் சயான் நீலத்தை நினைத்துக்கொண்டேன்.

தங்கும் விடுதியில் தொலைபேசியில் சொன்ன வாடகை 1,400 ரூபாய், நேரில் 1,800. வெந்நீர் காலையில் ஆறிலிருந்து ஏழு வரைதான் என்பதைப் பணம் கட்டிய பிறகு சொன்னார்கள்.

நவம்பர் 15, சனிக்கிழமை – ஏரிக்கரை, பகோடா பாயிண்ட்

வெந்நீரை விட்டுக்கொடுத்து, காலை ஆறே முக்காலுக்கு ஏரிக்கரையில் இருந்தேன். படகுத்துறை இன்னும் திறக்கவில்லை. பனி தண்ணீரோடு ஒட்டிக் கிடந்தது. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆனது என்பார்கள். அல்கான்குவினுக்கும் அதே பெயரை வைத்துவிடலாம், அங்கும் இருப்பவை ஏரிகளும் காடும்தான்.

பெட்டியைத் திறந்து மடிமேல் பலகையை வைத்தபோது முதல் பாடம் கிடைத்தது. இரவெல்லாம் ஈரக்காற்றில் கிடந்த பலகையில் எண்ணெய் வண்ணம் பிடிக்கவில்லை. தாமரையிலைத் தண்ணீர் போல் உருண்டு ஓடியது. துண்டால் துடைத்து, வேட்டி நுனியால் மறுபடி துடைத்து, ஒருவாறு தொடங்கினேன். எதிர்க்கரையில் சில்வர் ஓக் மரங்கள் வரிசையாகத் தெரிந்தன. கோடு போட்டு முடிப்பதற்குள் காணவில்லை. ஐந்து நிமிடம் கழித்துத் திரும்ப வந்தன, ஆனால் வேறு கருமையில். பிறகு பாதி மரங்கள் மட்டும் வந்தன. அச்சகத்தில் ஒரு மலையை நான்கு நாள் இழைப்பேன்; இங்கே எதிர்க்கரை எனக்குக் கொடுத்தது எண்ணி ஏழெட்டு நிமிடம். தட்டில் பிதுக்கி வைத்திருந்த கோபால்ட் நீலமும் எமரால்டு பச்சையும் வைத்த இடத்திலேயே இருக்க, வெள்ளையும் அம்பர் என்னும் பழுப்பும் துளி நீலமும் மட்டும் கரைந்துகொண்டே வந்தன.

அரைமணி நேரத்தில் பலகையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தால், மங்கிய வானம் ஒரு பட்டை, கருத்த எதிர்க்கரை ஒரு பட்டை, ஈயநிறத் தண்ணீர் ஒரு பட்டை. நான் எள்ளி நகையாடிய அதே 1912ஆம் ஆண்டுப் பலகை, என் மடியில்.

அங்கே உட்கார்ந்து யோசித்தபோது இரண்டு விஷயங்கள் பிடிபட்டன. முதலாவது, அந்த மூன்று பட்டைகளைத் தாம்சனின் பயந்த கை போட்டதாக நான் நினைத்தது தவறு. ஏரிக்கரையில் நிற்பவனுக்கு முன்னால் தண்ணீர்; அதைத் தாண்டிப் போக முடியாது; ஆகவே கரை எப்போதும் தூரத்தில், குறுக்குவாட்டில், ஒரே கோடாகத்தான் இருக்கும். துடுப்புப் படகில் நாளெல்லாம் இருந்தவனுக்கும் அதே காட்சிதான். ஏரிதான் அவருக்கு லேஅவுட் போட்டுக் கொடுத்திருக்கிறது. இரண்டாவது, அந்தக் கலங்கல். அல்கான்குவினில் மே மாதம் என்பது பனிக்கட்டி இப்போதுதான் உருகிய, இலை விடாத காலம். அங்கே விளம்பர நிறம் எங்கும் இல்லை. இல்லாததை அவர் போடவில்லை. முதல் ஆண்டில் காடு அவருக்கு எதையும் கொடுத்ததாகத் தெரியவில்லை. அச்சகத்திலிருந்து கையோடு கொண்டுவந்த பளபளப்பைத்தான் வாங்கி வைத்துக்கொண்டது. முன்பு திறமைக்குறைவாகப் பட்ட அந்தப் பலகைகள் இப்போது எனக்கு ஒரு நோன்பாகத் தெரிகின்றன. நானோ நோன்பு இருந்த பழக்கமே இல்லாதவன்.

தூறல் தொடங்கியபோது யாரோ பின்னாலிருந்து குடை பிடித்தார். திரும்பிப் பார்த்தால், நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர். இருபது நிமிடம் ஒன்றும் கேட்காமல் நின்றார். முடிந்ததும், "படகு போடலீங்களா? ஏரின்னா படகு இருக்கோணுமே" என்றார். இன்னும் திறக்கவில்லை என்றேன். "அதும் சரிதான்" என்று குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார். எதிரே தள்ளுவண்டியில் ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி 40 ரூபாய். காரச் சட்னியில் தோய்த்து நின்றபடியே தின்றேன். அந்தக் குளிரில் கண்ணில் நீர் வரும் அளவுக்கு உறைப்பாக இருந்தது. இன்னொரு தட்டும் வாங்கினேன்.

பிற்பகல் பகோடா பாயிண்ட் என்னும் காட்சிமுனை. பனி விலகிய இரண்டு மணி நேரத்தில் இன்னொரு பலகை முடித்தேன், அதுவும் சாம்பல்தான். இரண்டையும் நடுவில் பழைய செய்தித்தாள் வைத்துப் பைக்குள் செருகிக்கொண்டு ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். எண்ணெய் வண்ணம் இந்த ஈரத்தில் நான்கைந்து நாள் காயாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிரித்தபோது செய்தித்தாள் ஏரிக்கரைப் பலகையின் வானத்தோடு ஒட்டியிருந்தது. உரித்தேன். தாள் வந்தது, அதன் எழுத்துகள் வரவில்லை. வெளுத்த வானத்தில் ஏதோ ஒரு நில விற்பனை விளம்பரம், இடவலம் மாறி, எட்டு வரி, தெளிவாகப் பதிந்திருந்தது.

கடைக்காரப் பாட்டி எட்டிப் பார்த்தார். "ஐயோ, அழிஞ்சு போச்சா கண்ணு? இரு" என்று உள்ளே போய்த் தீப்பெட்டி கொண்டுவந்து, பலகையின் நான்கு மூலைகளிலும் தீக்குச்சியை ஒடித்து ஒவ்வொரு துண்டாக வைத்து, மேலே மற்ற பலகையை மெதுவாகக் கவிழ்த்து, இரண்டையும் சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டித் தந்தார். அப்பளம் காயவைப்பதுபோல இடைவெளி விட வேண்டும் என்பது அவர் கணக்கு. டீ 15 ரூபாய். தீக்குச்சிக்குப் பணம் வாங்கவில்லை.

தாம்சனின் பெட்டியில் இந்த வேலையை வரிப்பள்ளங்கள் செய்தன. ஈரப் பலகைகளை ஒன்றோடொன்று படாமல் செருகிவிடலாம். ஆனாலும் அவருக்கு நேர்ந்த இழப்பின் முன் என் எட்டு வரி ஒன்றுமில்லை. 1912 கோடையில் வில்லியம் பிராட்ஹெட் என்ற தொழில் நண்பரோடு மிசிசாகி காட்டு ஆறுகளில் ஏறத்தாழ இரண்டு மாதம் படகில் சுற்றிவிட்டு வரும்போது, படகு கவிழ்ந்து, வரைந்த பலகைகளிலும் எடுத்த புகைப்படச் சுருள்களிலும் பெரும்பகுதி ஆற்றோடு போயின. ஊர் திரும்பி, மிஞ்சிய நினைவிலிருந்தும் கைக்குக் கிடைத்த சிறு பலகைகளிலிருந்தும் அவர் முதல் பெரிய கித்தானைத் தொடங்கினார். 'வடக்கத்தி ஏரி' என்று தமிழில் சொல்லலாம். முன்னால் கரைப்பாறை, காற்றில் நுரைக்கும் தண்ணீர், அப்பால் எதிர்க்கரை. 1913இல் ஒன்டாரியோ அரசு அதை 250 டாலருக்கு வாங்கியது.

நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை – சேர்வராயன் கோயில்

நவம்பரில் கூட்டம் இருக்காது என்று சொன்ன நண்பர் ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்ததில்லை போலும். ஏரி ரவுண்டானாவில் கார்கள் அசையவில்லை. சேர்வராயன் கோயிலுக்குப் போய்வர ஆட்டோ 800 கேட்டு 600க்கு ஒப்புக்கொண்டது. வழியெல்லாம் காபித் தோட்டங்கள்; நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்கள்; அவற்றில் ஏறிய மிளகுக்கொடிகள். நேற்று நான் 'காடு' என்று வரைந்த வரிசை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் என்று ஓட்டுநர் சொன்னபோது முதலில் கொஞ்சம் கசந்தது. பிறகு அல்கான்குவினும் அப்படித்தானே என்று தோன்றியது. 1893இல் அது பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகும் அங்கே மரவெட்டு நிற்கவில்லை. கட்டைகளை மிதக்கவிடக் கட்டிய அணைகளால் ஏரிகளின் மட்டம் உயர்ந்து, கரையோர மரங்கள் நின்றபடியே பட்டுப்போயின. தாம்சனின் 1912ஆம் ஆண்டுப் பலகைகளில் எனக்கு மிகவும் பிடித்துப்போன 'மூழ்கிய நிலம்' அப்படித் தண்ணீரில் நின்று பட்ட மரங்களைத்தான் காட்டுகிறது. அஞ்சலட்டைக்கு ஆகாத அந்த இடத்தின் ஒவ்வொரு மொட்டைக் கிளையையும் பொறுமையாகப் பார்த்திருக்கிறார். மனிதக் கை படாத வனத்தை வரைந்தவர் என்று அவரைப் புகழ்பவர்கள் அந்தப் பலகையைக் கவனிக்காமல் கடந்துபோயிருக்க வேண்டும்.

கோயில் 5,326 அடி உயரத்தில், ஒரு குகைக்குள் இருக்கிறது. தலையைக் குனிந்துதான் நுழைய வேண்டும். நான் குனிந்தேன், முதுகிலிருந்த பெட்டி குனியவில்லை. பாறையில் மோதிய சத்தம் கேட்டு உள்ளே இருந்தவர்கள் அனைவரும் திரும்பிப் பார்த்தார்கள். சேர்வராயனும் காவேரி அம்மனும் விளக்கொளியில் இருந்தார்கள். மேலே பாறை ஈரமாக மினுங்கியது. பூசாரி திருநீறு கொடுத்துவிட்டு, பெட்டியைத் தட்டிக்காட்டி, "கச்சேரிங்களா?" என்று கேட்டார். ஆர்மோனியம் என்று நினைத்துவிட்டார்.

வெளியே உச்சியில் மேசைபோலப் பரந்த புல்வெளி, மரம் குறைவு, காற்று அதிகம். ஈஸலை நிறுத்தினேன், காற்று தள்ளியது. கால்களுக்குக் கல் வைத்தேன், பலகையை மட்டும் பிடுங்கிக்கொண்டு போய்ப் புல்லில் எறிந்தது. எடுக்கப் போனபோதுதான் தரையைப் பார்த்தேன். பாக்சைட் மலையின் மண். மழையில் நனைந்து, புல்லுக்கிடையே செங்கல் பொடியைக் குழைத்தது போலச் சிவந்து கிடந்தது. எட்ட நின்று பார்த்தால் பச்சைப் புல்வெளி. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு புல்லின் அடியிலும் ஒரு சிவப்பு விளிம்பு. எனக்கு மெஜந்தாத் தகடு நினைவுக்கு வந்தது.

மூன்றாவது பலகையை ஈரமாக்கி, அந்த மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்தேன். எண்ணெயும் தண்ணீர் மண்ணும் சேராது என்று கல்லூரியில் படித்ததெல்லாம் தெரியும்; இது நாளைக்கே உதிரலாம். உதிரட்டும். துடைத்துச் சற்றுக் காயவிட்டு, மேலே பச்சையை வைத்தபோது, விட்ட இடங்களிலெல்லாம் சிவப்பு எட்டிப் பார்த்தது. முதன்முறையாக, தட்டிலிருந்த எமரால்டு பச்சையைத் தொட்டேன். இரண்டு நாள் சாம்பலிலேயே கிடந்த கண்ணுக்கு அந்தப் பச்சை, இனிப்பைவிட்டுப் பல நாள் ஆன நாக்கில் வைத்த வெல்லம் போல இருந்தது.

தாம்சனுக்கும் நிறம் இப்படி உடனே வந்துவிடவில்லை. இரண்டு ஆண்டுகள் கலங்கலிலேயே இருந்தார். 1914 தொடக்கத்தில் டொரான்டோவில் ஏ. ஒய். ஜாக்சன் என்ற ஓவியரோடு ஒரே கூடத்தில் வேலை செய்தார். அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் ஜாக்சனும் வேறு இரு ஓவியர்களும் அல்கான்குவினுக்கு வந்து அவரோடு தங்கி வரைந்தார்கள். மேப்பிள் மரங்கள் சிவக்கும் பருவம் அது. நிறங்களைக் குழப்பிக் கலக்காமல் சுத்தமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் வித்தையை ஜாக்சன் அறிந்திருந்தார். ஆகவே எல்லாவற்றையும் காடே கற்பித்தது என்று நான் சொல்லமாட்டேன். அச்சகம் கற்பித்ததும் வீணாகவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அவர் வரைந்த 'வடக்கத்தி ஆறு' ஓவியத்தில், முன்னால் நிற்கும் மரங்களின் வளைவுகள் திரைச்சீலை போலப் பின்னி, நடுவே ஆறு மினுங்குகிறது. விளம்பரத்துக்கு ஓரச்சித்திரம் போட்டுப் பழகாத கைக்கு அப்படி ஒரு பின்னல் வராது என்று, அதே வேலையைச் செய்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஆனால் அதே கை காட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால் சோப்பு விளம்பரத்தைச் சுற்றித்தான் பின்னிக்கொண்டிருக்கும்.

ஐந்தரை மணிக்கு ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர், "தம்பி, இருட்டுறதுக்குள்ள கெளம்பிருங்க, காட்டெருமை இந்தப் பக்கம்தான் எறங்கும்" என்று சாணத்தைக் காட்டினார். ஆட்டோ ஓட்டுநர் அதற்குள் இரண்டு முறை ஹார்ன் அடித்துவிட்டார். காத்திருந்ததற்கு 100 ரூபாய் கூட வாங்கினார், அது நியாயம்தான்.

நவம்பர் 17, திங்கட்கிழமை – சேலம்

காலையில் மழை நிற்கவே இல்லை. மீதி மூன்று பலகைகளும் வெள்ளையாகவே திரும்பின. இறங்கும் வழியில் ஜன்னலைத் திறந்து வைத்தபடி, மலைகளில் எத்தனை வகைச் சாம்பல் என்று எண்ணிக்கொண்டே வந்தேன். ஐந்துவரை எண்ண முடிந்தது.

சேலத்தில் பேருந்துக்கு நேரம் இருந்ததால் தட்டுவடை செட் ஒரு தட்டு சாப்பிட்டேன், 40 ரூபாய். இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும், ஒருபக்கம் சிவப்புச் சட்னி, மறுபக்கம் பச்சைச் சட்னி. கடித்தால் ஓரங்களில் சிவப்பு பிதுங்குகிறது. இனி எதைத் தின்றாலும் இப்படித்தான் பார்ப்பேன் போலிருக்கிறது.

மதுரை வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் நடத்துநர் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தார். "என்னங்க, பையில பெட்ரோலா? அதெல்லாம் ஏத்தக்கூடாதுங்க." டர்பன்டைன் என்றேன், அவருக்கு அதனால் ஒன்றும் சமாதானமாகவில்லை. பையைத் திறந்து, சணலை அவிழ்த்து, மேலே இருந்த ஏரிக்கரைப் பலகையை எடுத்துக் கொடுத்தேன். தீக்குச்சிகள் நான்கு மூலைகளிலும் ஒட்டிக்கொண்டே இருந்தன. அவர் அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒருமுறை தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

"எந்தப் பக்கமுங்க மேல?"

பதில் சொல்ல எனக்கும் ஒரு நொடி ஆயிற்று. "எழுத்து இருக்கிற பக்கம்."

அவர் தலையைச் சாய்த்து, இடவலம் மாறிய அந்த விளம்பரத்தைப் படிக்க முயன்றார். பிறகு பலகையை என்னிடம் தராமல், தலைக்கு மேலிருந்த பொருள்தட்டில் தாமே இடம் ஒதுக்கி, படுக்கைவாட்டில் வைத்து, பக்கத்துப் பெட்டியைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, டிக்கெட் கொடுக்க முன்னால் போனார்.